தெரியாதவள் போல

அக்கா,

நேற்று எங்கள் ஆலைக்கு, எல்லாரையும் சமமாக நடத்துவது பற்றி வகுப்பெடுக்க வந்த நீ, வருகைப் பதிவேட்டில் என்னிடம் யாரோ மாதிரி கையெழுத்து வாங்கினாய். சுருக்கென்றது. போலீஸ்காரர்களுக்கே பாடம் நடத்துகிறவளுக்கு இப்படியொரு தம்பி கௌரவக் குறைச்சல்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு, "ஜெயில்ல இருந்து வந்தவர் பக்கத்துல நின்னு வேலை செய்வீங்களா?" என்று கேட்டாய். எல்லார் முகத்தையும் நிதானமாகப் பார்த்தாய், என் முகத்தைத் தவிர. இங்கே நான் மறைத்து வைத்திருந்த மூன்று வருஷ ஜெயிலை நீ ஒரு பார்வையால்கூடக் காட்டிக்கொடுக்கவில்லை.

இன்று சாப்பிடும்போது, எதிரே உட்கார்ந்த வெல்டரிடம் நானே சொல்லிவிட்டேன். மென்றுகொண்டே யோசித்தார்.

"நேத்து வந்த டீச்சர் கெட்டிக்காரங்கப்பா," என்றார்.

"எங்க அக்கா" என்று அதையும் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

உன் தம்பி