செருப்போடு நடந்த வீடு

ராத்தா,

வாசலிலேயே வார்னிஷ் மணந்தது. பழக்கத்தில் செருப்பைக் கழற்றினேன். உள்ளே, வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்ட நின்ற மாவடிப்பள்ளி ஊர்ப் பிள்ளை, "செருப்போட வாங்க உம்மா, இப்ப இது நூதனசாலைதானே" என்றாள். திரும்ப மாட்டிக்கொண்டு உங்கள் வீட்டுக்குள் நடந்தேன். கோபம் வரவேண்டிய இடம். ஒன்றும் வரவில்லை.

பெண்பிள்ளை இல்லாத வீடு என்று உங்கள் மகன்மார் மச்சானின் கட்சிக்குக் கொடுத்த பிறகு, இன்றைக்குத்தான் போனேன். சுவரில் 'புரட்சித் தலைவரின் இல்லம்' என்று பெரிதாக எழுதியிருக்கிறது. மச்சானின் நாற்காலியும் மூக்குக்கண்ணாடியும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. தலைவர் பரம்பரையாக வாழ்ந்த வீடு என்று அந்தப் பிள்ளை ஒப்புவித்தாள். மச்சான் கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். உங்கள் கல்யாணத்தன்று ஒரு சூட்கேசோடு வந்து ஏறிய மாப்பிள்ளை அல்லவா அவர்? நம் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். ஏக்கர் கணக்கில் வயல் வைத்திருந்த போடியாரான நம் வாப்பா, மூத்த மகளான உங்களுக்கு இதைக் கட்டித் தந்துவிட்டுத்தான், பக்கத்து வளவில் எனக்குக் கட்டினார். அந்தப் போடியார் கட்டிய வீட்டிலிருந்தே மச்சான் போடிமாருக்கு எதிராக வயற்கூலிகளைத் திரட்டினார். வாப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்க, வந்தவர்களுக்கெல்லாம் நீங்கள் சோறு போட்டீர்கள்.

மச்சானைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போன பிறகு வீட்டுக்குச் சீல் வைக்க வந்தார்களே, நினைவிருக்கிறதா? கதவில் கையை வைத்தபடி, சத்தம் போடாமல் சொன்னீர்கள்: "இது என்ட ஊடு. என்ட வாப்பா எனக்குத் தந்த. அவர் இங்க வந்திருக்கிற மனுசன்." உங்கள் பெயரில் இருந்த காணி உறுதியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அன்றைக்கு வீடு தப்பியதால்தான் இன்றைக்கு அந்த நாற்காலியும் இருக்கிறது.

உங்களைத் தேடினேன், ராத்தா. ஒரு படத்தில் மச்சானின் தோளுக்குப் பின்னால் முக்காட்டின் ஓரம் மட்டும் தெரிகிறது. நீங்கள் சோறாக்கிய குசினியில் புத்தகம் விற்கிறார்கள். நீங்கள் மௌத்தான அன்றும் எனக்கு அழுகை வரவில்லை. உங்களைக் கடைசியாகக் குளிப்பாட்டிய கைகள் அன்றிலிருந்து விறைத்துப்போய்த்தான் கிடக்கின்றன.

புறப்படும்போது அந்தப் பிள்ளை, தலைவருக்கு நான் என்ன முறை என்று கேட்டாள். மச்சினி என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம்.

"நான் ஊட்டுக்காரிட தங்கச்சி" என்றேன்.

அவள் விழித்தாள். "ஊட்டுக்காரி யாரு உம்மா?"

உங்கள் பெயரைச் சொன்னேன். அந்த வீட்டுக்குள் அதைச் சொல்ல இனி நான் மட்டும்தான் இருக்கிறேன். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வாசல்வரை வெறுங்காலோடு நடந்தேன்.