பிரிக்காத புத்தகமும் நான்காவது கட்டில் காலும்

கண்ணாடித்தாள் உறையை நீங்கள் பிரிக்கவே இல்லை, மச்சான். உங்கள் கடைசல் இயந்திரத்தைப் போன மாதம் உங்கள் வீட்டு அக்கா வரிச்சிக்குடியிலிருந்து வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். "அவருக்கப்பறம் இத யாரு தொடப்போறா, நீங்களே வச்சுக்குங்க" என்றார்கள். கூடவே வந்த அட்டைப்பெட்டியில், வாங்கிய அன்றைக்கு இருந்த மேனிக்கு கடைசல் சொல்லித்தரும் அந்தப் பிரெஞ்சுப் புத்தகம் கிடந்தது. "புத்தகத்துல போட்ருக்கான் மாப்ள" என்று எத்தனை தடவை என் வாயை அடைத்திருப்பீர்கள். எந்தப் பக்கத்தில் போட்டிருந்தான் என்று கேட்க இப்போது நீங்கள் இல்லை. போய்ச் சேர்ந்தவரைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் திட்டத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

சுனாமிக்கு மறு வருஷம் என் மகள் மலருக்குக் கல்யாணம் நிச்சயமானது. தாய்மாமன் சீராகக் கட்டில் தருவேன், அதன் கால்களை என் கையாலேயே கடைவேன் என்று சபையில் அறிவித்தீர்கள். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷனோடு அங்கிருந்து திரும்பியபோது கொண்டுவந்த இயந்திரம். அதுவரை அதில் ஒரு பம்பரம்கூடக் கடைந்தவரில்லை நீங்கள். கட்டை என்னுடையது. எங்கள் குரும்பகரத்துக் கொல்லைப் பூவரசை வெட்டியதில், வைரம் பாய்ந்த பகுதி சரியாக நான்கு கால்களுக்குத்தான் தேறியது.

எனக்கும் ஒன்றும் தெரியாதுதான். ஆனால் தெரியாது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. கோட்டுச்சேரியில் ஒரு பட்டறைக்குப் போய் அரை நாள் நின்று கேட்டு வந்தேன். சுவிட்சைப் போடுமுன் கட்டையைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்க்கணும், உளியின் நுனியைக் குத்தாமல் சரிவைக் கட்டையில் படியவிடணும், உடம்பில் தொங்கும் துணி எதுவும் இருக்கக் கூடாது. நான் சொல்லச் சொல்ல, "அதான் புத்தகத்துலயே போட்ருக்கானே" என்றீர்கள். வேலிக் கட்டைகளில் பத்து நாள் பழகிவிட்டுப் பூவரசில் கை வைத்தோம். மூன்று கால்கள் தேறின. அதில் இரண்டு நான் கடைந்தவை. உங்களுடையது எது என்று கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே தெரியும்.

நான்காவதற்கு நீங்கள் நின்றபோது கழுத்தைச் சுற்றித் துண்டு கிடந்தது.

"துண்ட எடுத்து வச்சுட்டு நில்லுங்க மச்சான்."

"எடுக்கணுமா? யாரு முன்னாடி? இந்த மிஷினு முன்னாடியா? நம்ம வம்சத்துல எவன் முன்னாடியும் துண்ட எடுத்ததில்ல மாப்ள."

சொல்லி முடித்து, குனிந்து, உளியை வைத்தீர்கள். துண்டின் நுனியைக் கட்டை சுற்றி இழுத்தது. உங்கள் முகம் இயந்திரத்தை நோக்கிப் போனதை நான் பார்த்தேன். பிளக்கைப் பிடுங்கினேன். உளி எகிறியது, கால் நெடுகப் பிளந்து சுவரில் மோதி விழுந்தது. உங்கள் கழுத்தில் சிவப்பாக ஒரு தடிப்பு. மூச்சு வாங்கி முடித்து நீங்கள் சொன்ன முதல் வார்த்தை, "நல்ல கட்டையக் கெடுத்துட்டீங்களே."

சரி, அதிர்ச்சியில் உளறுகிறார் என்று விட்டேன். ஆனால் கல்யாண மண்டபத்தில் என்ன செய்தீர்கள்? மூன்று பூவரசுக் கால்களோடு கடையில் வாங்கிய ஒரு வெளுத்த காலுமாகக் கட்டில் நின்றது. சம்பந்தி வீட்டார் குனிந்து பார்த்தார்கள். தடிப்பைப் பட்டுத் துண்டால் மூடிக்கொண்டு, "மாப்ள பதட்டத்துல கரண்ட நிறுத்திட்டாரு, கால் போயிடுச்சு" என்று சிரித்தீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவியும் தங்கச்சிப் பாசத்தில் சிரித்தாள். மகள் கல்யாணத்தில் தாய்மாமனோடு சண்டை போட முடியுமா? நான் பந்தி பார்க்கப் போனேன். அதற்கப்புறம் நீங்கள் சாகும்வரை ஊரில் எனக்குப் பதட்டக்காரன் என்ற பெயர்தான். உங்களை அன்றைக்குக் கேவலமாக நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இயந்திரம் வந்ததும் முதல் வேலையாகப் பூவரசுக் கட்டை தேடி வாங்கி, நான்காவது காலைக் கடைந்தேன். இழைத்து மெருகேற்றினேன். நேற்று மலர் வந்திருந்தாள். கடைந்த காலை எடுத்து அவள் மடியில் வைத்தேன். கட்டிலில் மாட்டும்போது நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுவது என்றிருந்தேன்.

அவள் தடவிப் பார்த்தாள். "அழகா இருக்குப்பா. ஆனா அந்தக் கால மாத்த வேணாம். அது ஒண்ணு மட்டும் வேற மாதிரி இருக்கறதப் பாத்தாத்தான் மாமா ஞாபகம் வருது. எனக்காக எவ்வளவு பாடுபட்டாரு."

கடைந்த காலைத் திரும்ப வாங்கி மூலையில் சாய்த்து வைத்தேன், மச்சான். செத்தும் ஜெயித்துவிட்டீர்கள்.

அவள் கிளம்பும் நேரத்தில் அடுத்த கட்டையைப் பொருத்தினேன். தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சுவரிலிருந்த ஆணியில் மாட்டினேன். சுவிட்சுக்குப் பக்கத்திலேயே அடித்து வைத்த ஆணி. கொட்டகைக்குள் யார் வந்தாலும் முதலில் அதில் துண்டை மாட்டிவிட்டுத்தான் நிற்க வேண்டும்.

"அது என்னப்பா, துண்ட அங்க மாட்டுறீங்க?" என்று மலர் கேட்டாள்.

உங்கள் கழுத்துத் தடிப்பு ஒரு கணம் கண்ணில் வந்து நின்றது.

"புத்தகத்துல போட்ருக்கான்மா" என்றேன்.