கறுத்துப்போன காந்தத் துண்டு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் முட்டிவலி தேவலையா? அம்மாவின் இருமல் நின்றதா? நான் நலமே.

இங்கே ஒரு வேடிக்கை. முந்நூறு பேர் மேற்கோள் காட்டியதாகப் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரிக்கிறீர்களே, என்னுடைய அந்த ஆய்வுக் கட்டுரையில் உள்ள வேதிவினை திடீரென்று நடக்க மறுத்துவிட்டது. குடுவைக்குள் சுழன்று கலக்கும் காந்தத் துண்டைப் புதிதாக மாற்றியிருந்தேன். பழைய கறுத்த துண்டைப் போட்டதும் சமர்த்தாக நடந்தது. அதில் யாரோ விட்டுப்போன உலோகக் கறைதான் வேலை செய்திருக்கிறது. நான் கண்டுபிடித்த வினையூக்கி சும்மா வேடிக்கை பார்த்திருக்கிறது!

பேராசிரியரிடம் சொன்னேன். "பழசையே போட்டுக்கோம்மா. வெளிய மூச்சு விடாதே, உன் வேலை என் கையிலதான் இருக்கு" என்று சிரித்தார். இன்றும் நான்கு பேர் புதிதாக மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். என்னை நம்பி அவர்களும் குழியில் இறங்குகிறார்கள், அப்பா. நாளை கட்டுரையை வெளியிட்ட ஆய்விதழுக்கு உண்மையை எழுதிவிடுவேன்.

பேராசிரியர் வரும் சத்தம் கேட்கிறது, முடிக்கிறேன். கூடத்தில் சட்டம் போட்டு மாட்டிய கட்டுரையை இறக்கி வையுங்கள். ஆணியை மட்டும் பிடுங்க வேண்டாம்.

உங்கள் சின்னவள்