ஊர்ப்பெயர் கொள்ளாத பெட்டி

ஜூன் 12, 2006. திங்கள்.
மேற்கேயிருந்து கச்சான் காற்று. கீபோர்டில் மணல். துடைத்தேன், மறுபடி மணல்.

கம்ப்யூட்டர் சென்டர் முதலாளி செல்வம் அண்ணனிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். ஹாஜியாரின் ஏர்போர்ட் வேன் சர்வீசுக்கு எட்டுப் பக்க வெப்சைட். டேபிள் போட்டு, கட்டத்துக்குள் கட்டமாக அடைப்பதுதான் இங்கே வழக்கம். நான் டேபிளே இல்லாமல், அளவையெல்லாம் தனியே எழுதிவைக்கும் சிஎஸ்எஸ்ஸில் செய்கிறேன் என்றேன்.

"வியாழக்கெழம ஹாஜியார் வர்றாரு. கோணலா நின்னுச்சுன்னா, வெப்சைட் செய்யிற பாண்டிக்காரன்ட்ட குடுத்துருவேன். நீ பழையபடி பத்திரம் டைப் அடி."

சரிண்ணே என்றேன். திமிர்தான். ஆனால் 'மேற்படி சொத்து' கனவில் எல்லாம் வருகிறது. திரும்பிப் போக முடியாது.

13, செவ்வாய்.
மெனு இடது பக்கம், விவரம் வலது பக்கம். காலையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்தன. மதியம்தான் புரிந்தது. இரண்டின் அகலத்தையும் கூட்டினால் பக்கத்தின் அகலத்தை மிஞ்சக்கூடாது. இவ்வளவுதானா! நின்றுவிட்டது. சந்தோஷத்தில் சாப்பாட்டை மறந்தேன்.

உம்மாவிடம் சொன்னேன்.
"நின்னுருச்சா? அல்ஹம்துலில்லாஹ். எது?"

14, புதன்.
எட்டும் ரெடி. நிறம், இடம், அகலம் எல்லாம் ஒரே தனி ஃபைலில். பக்கங்களில் எழுத்து மட்டும். பெருக்கிய வீடு மாதிரி இருக்கிறது.
மெனுவில் வேன் நிற்கும் ஊர்கள்: பூவம், காரைக்கால், கிளிஞ்சல்மேடு, டி.ஆர்.பட்டினம்.
வாங்க: பேனா, பச்சை வளையல் (வேணாம், கறுப்பு), வாப்பாவுக்கு இருமல் மருந்து.

15, வியாழன்.
கடை திறந்ததுமே ஹாஜியார். பார்த்தார், தலையாட்டினார். பிறகு மெனுவில் விரல் வைத்தார்.

"அதென்னம்மா டி.ஆர்.? சார்ஜாவுல உக்காந்து பாக்குற புள்ளைக்கு ஊரு பேர முழுசா படிச்சாத்தானே ஊரு நெனப்பு வரும்? முழுசா போடு."

நானும் பட்டினத்துக்காரிதான். வெட்கமாகப் போயிற்று.

எட்டிலும் மாற்றினேன். திருமலைராயன்பட்டினம். ஒரே சொல், மடக்க இடமில்லை. இடது பெட்டி வீங்கி, வலது பக்கம் அப்படியே கீழே விழுந்தது. எட்டிலும்.

"போச்சு. எட்டையும் பிரிச்சுக் கட்டணும். பாண்டிக்குப் போன் போடுறேன்" என்றார் அண்ணன்.

"இருங்கண்ணே."

தனி ஃபைலில் இரண்டே எண். இடதைக் கூட்டி, அதே அளவு வலதில் குறைத்தேன். ரிஃப்ரெஷ். முதல் பக்கம் நின்றது. அண்ணன் மவுசைப் பிடுங்கினார். இரண்டாவது, மூன்றாவது... எட்டும் நிற்கிறது! ஒன்றைத் தொட்டேன், எட்டும் நகர்ந்தது! குதிக்கணும் போலிருந்தது. ஹாஜியார் இருந்ததால் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டேன்.

அவர் எழுத்துக்கூட்டி வாசித்தார். "ம். இப்பத்தான் நம்ம ஊரு."

அவர் போனதும் அண்ணன் என் மேசையிலிருந்த பத்திரக் கட்டைத் தூக்கினார். எங்கே கொண்டுபோகிறார் என்று பார்த்தேன். தன் கம்ப்யூட்டர் முன் போட்டு, ஒற்றை விரலால் தானே அடிக்க ஆரம்பித்தார்.

"என்ன பாக்குற? ஐஸ் கம்பெனிக்காரரும் வெப்சைட் கேட்டிருக்காரு, அத ஆரம்பி."