சொந்த ஊரில் இரண்டு அறைகள்

15 ஏப்ரல் 2024, திங்கள்
பெருநாளுக்குப் பிறகு வைக்கும் ஷவ்வால் ஆறு நோன்பில் மூன்று முடிந்தது. மூன்று பாக்கி.

தாஷ்கண்டிலிருந்து நிகினா பேசினாள். எங்கள் முப்பத்திரண்டாவது கல்யாண நாளுக்கு, பழைய நகரத்து விடுதி ஒன்றில் இரண்டு நாள் அறை எடுத்திருக்கிறாளாம்.

“புகாராவுலயே இருந்துக்கிட்டு புகாராவுல அறை எதுக்குடி?”

“ம்மா, ரெண்டு நாளாவது டூரிஸ்ட் மாதிரி சுத்துங்க. அடுப்புப் பக்கமே போகாத.”

பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர், “உங்கம்மா விடுதித் தட்டையும் கழுவி வச்சிட்டுத்தான் வருவா” என்றார்.

டிசம்பரில் அவளுக்குக் கல்யாணம். இதையும் சொந்தச் சம்பளத்தில் செய்கிறாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

18 ஏப்ரல்
தொழுகை விரிப்பு, அவருடைய இரத்த அழுத்த மாத்திரை, இரண்டு ரொட்டி. விடுதிக்கு யாராவது ரொட்டி கொண்டுபோவார்களா என்று திட்டினார். வைத்துவிட்டேன்.

19 ஏப்ரல், வெள்ளி
நடந்ததை வரிசையாக எழுதவேண்டும். எழுதினாலாவது புரியுமா என்று பார்க்கிறேன்.

வரவேற்பில் இருந்த பெண்ணுக்கு நிகினா வயதுதான். கணவன் மனைவி ஒரே அறையில் தங்கக் கல்யாணப் பதிவைப் பார்க்கவேண்டுமாம்.

“இந்த நரையைப் பாரும்மா. இதுக்கு மேலயா பதிவு வேணும்?” என்றார் அவர்.

அவள் சிரித்தாள். “பேப்பர் வேண்டாம் ஐயா. உங்க அடையாள அட்டை நம்பரைப் போட்டா கம்ப்யூட்டர்லயே வந்துரும்.”

வந்தது. படித்தாள். என்னைப் பார்த்தாள். என் அட்டையைத் திரும்ப எடுத்துப் பார்த்தாள். குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்: “ஐயா, இதுல உங்க மனைவி பேரு மஸ்தூரான்னு இருக்கு.”

மஸ்தூரா. எனக்கு முன்னால் மாமியார் அவருக்குக் கட்டிவைத்த பெண். பதினோரு மாதம். கரு தங்கவில்லை என்று தாய்வீட்டுக்கு, கிஜ்துவானுக்குத் திருப்பி அனுப்பினார்கள். சாட்சி வைத்துத் தலாக் சொன்னார், முடிந்தது என்றுதான் எனக்குச் சொன்னார்கள். கோர்ட்டுக்கு யாருமே போகவில்லையா?

எனக்கு வீட்டில் வைத்து இமாம் நிக்காஹ் ஓதினார். அப்போது எனக்குப் பதினேழு. பதிவைப் பதினெட்டு ஆனதும் பார்த்துக்கொள்ளலாம் என்றார் மாமியார். பிறகு, ‘எல்லாம் ஆச்சு, இரும்புப் பெட்டியில இருக்கு’ என்றார் இவர். பிள்ளைகளின் பிறப்புப் பதிவுக்கும் இவரேதான் போனார். மாவு மூட்டை வந்தால் நிறுத்துப் பார்க்காமல் வாங்காதவள் நான். பெட்டியை ஒரு நாள் திறந்து பார்த்தேனா?

அந்தப் பெண் அழுதுவிடுவாள் போலிருந்தது. “அபராதம் போட்டுருவாங்கம்மா.” இரண்டு ஒற்றை அறைகள் கொடுத்தாள். அவருக்குக் கீழே, எனக்கு மாடியில்.

வீடு பஸ்ஸில் இருபது நிமிடம். போயிருக்கலாம். நிகினா கேட்டால் என்ன சொல்வது?

தொழுதேன். கை ஏந்தினேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை.

20 ஏப்ரல்
ஊர் பார்த்தோம். சிவப்புக் குடை பிடித்த வழிகாட்டியின் பின்னால் வெளிநாட்டுக்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் அவர், அவருக்குப் பத்தடி பின்னால் நான். கலோன் மினார் கோபுரத்துக்குக் கீழே ஒரு சால்வைக்காரன் அவரிடம், “எந்த ஊருங்க ஐயா?” என்றான்.

“தாஷ்கண்ட்.”

ஏன் பொய் சொன்னார்? அதே ஆள் என்னிடம், “அக்கா தனியாவா வந்திருக்கீங்க?” என்றான். ஆமாம் என்றேன். நான் மட்டும் ஏன் சொன்னேன்?

குளத்தங்கரையில் தேநீர் வைத்துக்கொண்டு கேட்டேன்.

“உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“எப்பலேருந்து?”

“எப்பவுமே.” பியாலாக் கிண்ணத்தைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். “கோர்ட்டுல நின்னு அவ முகத்தைப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல. அப்புறம் நீ வந்துட்ட. அப்புறம் பிள்ளைங்க. திங்கக்கிழமை கோர்ட்டுக்குப் போறேன்.”

நிகினா படம் கேட்டாள். வழியில் போன ஒரு வெளிநாட்டுப் பெண் எடுத்துக் கொடுத்தாள். புதுப் பெண் மாப்பிள்ளை மாதிரி இருக்கிறீர்கள் என்று பதில் வந்தது.

22 ஏப்ரல்
போனார். விவாகரத்து மனு கொடுத்துவிட்டார்.

21 மே, செவ்வாய்
மஸ்தூரா சம்மதிக்கவில்லையாம். சேர்ந்து வாழ முயன்று பாருங்கள் என்று நீதிபதி ஆறு மாதம் கொடுத்திருக்கிறார். யாரோடு யார் சேர்ந்து வாழ!

2 ஜூன்
எங்கள் பகுதி மஹல்லாத் தலைவர் கோப்போடு வந்தார். “கோவிச்சுக்காதீங்க முகர்ரமா அக்கா. வந்து சமாதானம் பேசினேன்னு எழுதியாகணும்.”

“யாரோட சமாதானம்?”

“அதான்… அவங்களோட.”

இரண்டு பியாலா தேநீர் குடித்தார். செர்ரி ஜாம் நன்றாக இருக்கிறது என்றார். ஊற்றிக் கொடுத்தவள் நான்.

3 செப்டம்பர்
அவரிடம் சொல்லாமல் கிஜ்துவான் போய்வந்தேன். சம்மதம் கேட்கத்தான் போனேன்.

அறை முழுக்கப் பஞ்சு. மஸ்தூரா மணப்பெண்களுக்கு மெத்தை தைக்கிறார். என் பேரைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றினார்.

“நீதானா? உக்காரு தங்கச்சி. பஞ்சு ஒட்டும், அங்கியைத் தூக்கிக்கோ.”

விடுதியில் நடந்ததைச் சொன்னேன். இரண்டு அறை என்றதும் விழுந்து விழுந்து சிரித்தார். “அரசாங்கமே பிரிச்சு வச்சிடுச்சா!” பிறகு சொன்னார்: “பதினோரு மாசம் உங்க ஊர்ல இருந்தேன். உன் மாமியார் வீட்டுச் சுவத்துக்கு மேல மினார் பாதிதான் தெரியும். அடியை நான் பாத்ததே இல்ல.”

நான் கேட்க வாயெடுப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

“இந்தப் பக்கத்துல விவாகரத்தானவ கை மணப்பொண்ணு மெத்தையில படக்கூடாது. தெரியும்ல? புருஷன் புகாராவுல வேலையா இருக்கார்னு சொல்லித்தான் முப்பத்திமூணு வருஷமா ஊசி பிடிக்கிறேன். சந்தேகப்பட்டவளுக்கெல்லாம் கல்யாணப் பேப்பரைக் காட்டியிருக்கேன். நான் அவரையா கேட்டேன்? பேப்பரைத்தானே வச்சிருக்கேன்.”

பஞ்சு பிரித்துக் கொடுத்துவிட்டு நாலு மணி வண்டிக்குத் திரும்பினேன்.

4 செப்டம்பர்
யார்மேல் கோபப்படுவது? அவர் திராட்சைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறார்.

15 நவம்பர்
“வியாழக்கிழமை கோர்ட்டுக்குப் போகாதீங்க. மனு தானா தள்ளுபடி ஆகட்டும்.”

“அப்ப நீ?”

“நிக்காஹ் அல்லாஹ் பாத்தது” என்றேன். நம்பித்தான் சொன்னேன்.

21 நவம்பர், வியாழன்
அவர் போகவில்லை.

நிகினாவின் கல்யாண மெத்தை தைக்க மஸ்தூரா அக்காவை வரச்சொல்லியிருந்தேன். கிஜ்துவானில் பேர்போன கை என்று தாஷ்கண்டிலிருந்து வந்திருந்த நிகினாவிடம் சொல்லிவைத்தேன். வாசலில் அவர், “வாங்க” என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. அக்கா தலையை அசைத்துவிட்டு உள்ளே வந்தார். அவர் கடைத்தெருவுக்குப் போனவர் சாயங்காலம்தான் வந்தார்.

பக்கத்து வீட்டுப் பெண்கள் ஆறு பேர். சிவப்புப் பட்டின் மேல் அக்கா பிஸ்மில்லாஹ் சொல்லி முதல் தையல் போட்டார். ஊசி வரிசையாகக் கைமாறி வந்தது. ஆளுக்கொரு தையல், ஒரு துஆ. என்னிடம் வந்தது. பேப்பர் இல்லாத கை. அடுத்திருந்த ஸுலைகோவிடம் கொடுத்துவிட்டேன்.

அக்கா தலை நிமிர்ந்து பார்த்தார்.

“ம்மா, நீயும் ஒரு தையல் போடேன்” என்றாள் நிகினா.

கண் சரியாகத் தெரியவில்லை என்றேன்.