பூமாரி ஓடிய வாய்க்கால் கரை

சேசு மரி சூசை துணை

உத்தமபாளையம்,
14-10-1979

என் அன்பு ஜெபராணிக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. சுகமா என்று கேட்டுத் தொடங்கலாம் என்றால், சுகமில்லை என்று நீயே எழுதிவிட்டாய். பூமாரி போன செய்தி வந்ததிலிருந்து சோறு தொண்டைக்குள் இறங்கவில்லை, மைதானத்தைப் பார்த்தாலே அழுகை வருகிறது, மாநிலப் போட்டியிலிருந்து பெயரை எடுத்துவிடச் சொல்லப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். தந்தியில் இருந்த இரண்டு வரிக்கு மேல் யாரும் எதுவும் சொல்லவில்லை என்று கோபப்பட்டும் இருக்கிறாய். கோபப்படு. எழுத உட்காரும்போதெல்லாம் எனக்குக் கை ஓடவில்லை. இன்று பூசை முடிந்து நேராகப் பள்ளிக்கூடம் வந்து, பிள்ளைகள் இல்லாத வகுப்பில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் வீட்டில் எல்லோரும் நலம். அப்பா எப்போதும் போல் கடையில் இருக்கிறார். என்னைக் கண்டதும் உன்னைப் பற்றித்தான் கேட்டார். நீ சாப்பிடாமல் இருப்பதை நான் சொல்லவில்லை. இந்த வருஷம் மழை நன்றாக இருக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் கரை தொட்டு ஓடுகிறது. திராட்சைத் தோட்டக்காரர்கள்தான் பழம் வெடித்துப் போகிறதென்று மழையைத் திட்டுகிறார்கள்.

நாம் மூவரும் தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு அந்தக் கரையில் ஓடிய காலம் உனக்கும் மறந்திருக்காது. வயலுக்குப் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். நீ நாலு இட்லி தின்றுவிட்டு ஓடி, மதகுப் பக்கத்தில் அத்தனையும் வாந்தி எடுத்தாயே, அன்றைக்கு உன்னை முதுகில் தூக்கிக்கொண்டு பூமாரிதான் சிரித்துச் சிரித்து நடந்தாள். அதற்குப் பிறகுதான் ஓடும் முன்னால் ஒரு வாழைப்பழம் போதும், கஞ்சியெல்லாம் ஓடி முடித்த பிறகுதான் என்று நாமே கண்டுபிடித்தோம். நீ கடையிலிருந்து நிலக்கடலை எடுத்து ஊறவைத்துக் கொண்டுவருவாய். நான் அவித்த முட்டை கொண்டுவருவேன். பூமாரி வீட்டில் மொச்சை அவித்திருந்தால் மொச்சை வரும், இல்லாவிட்டால் வெறுங்கை. மூன்றையும் ஒரே துண்டில் கொட்டி மூன்று பங்கு வைப்போம். பழைய சோற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்த நாட்களிலும் அவள்தான் முதலில் போய் நிற்பாள். நான்தான் எப்போதும் கடைசி.

மதுரைப் போட்டியில் ஜெயித்த கையோடு அவளுக்குக் கல்யாணம் பேசிவிட்டார்கள். மாப்பிள்ளை கருத்தக்கண்ணன் அண்ணன் குச்சனூருக்குப் பக்கம் என்பது உனக்குத் தெரியும். நல்ல மனிதர். ஏலத்தோட்டத்து வேலைக்கு மலைக்குப் போனால் வாரம் முழுக்க அங்கேயே தங்கல். வீடு மாமியார் கையில். அந்த வீட்டில் பெண்கள் கடைசியில்தான் சாப்பிடுவார்கள். சட்டியில் என்ன மிச்சமோ அதுதான். நம் வீடுகளிலும் பெரிய வித்தியாசம் இல்லை, ஜெபா. ஆனால் நமக்கு அந்தத் துண்டு இருந்தது.

மூத்தவள் ராஜாத்தி பிறந்து பால் மறக்கும் முன்னே அடுத்தது தங்கிவிட்டது. ஆடிச் சனிக்கிழமை குச்சனூர் கோயில் கூட்டத்துக்கு ராக்கம்மா அத்தை தன் மகள் பூமாரியைப் பார்க்கப் போனபோது நானும் கூடப் போனேன். நிலக்கடலை உருண்டையும் முட்டையும் எடுத்துப்போனேன். பூமாரி வாசலுக்கு வந்தாள். உதடு வெளுத்து, நகமெல்லாம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. கிணற்றிலிருந்து ஒரு குடம் தூக்கி வருவதற்குள் நடுவில் நின்று மூச்சு வாங்கினாள். எட்டு ஊர்ப் பெண்களைப் பின்னால் விட்டு ஓடிய பூமாரி.

“என்னடி இது, சாப்பிடுறியா இல்லையா?” என்று கேட்டேன்.

“சாப்பிடுறேன்டி. நெறையத் தின்னா பிள்ள பெருத்துப் போயி பேறுகாலம் சிக்கலாயிருமாம். அத்தை அரை வயித்துக்குத்தான் திங்கச் சொல்றாக” என்றாள்.

சுகாதார நர்ஸ் ரத்தம் ஊறுவதற்குக் கொடுத்த சிவப்பு மாத்திரை எங்கே என்று கேட்டேன். பிள்ளை கறுத்துப் பிறக்கும் என்று மாமியார் குப்பையில் போட்டுவிட்டார்களாம். நான் உள்ளே போய் அந்த அம்மாவிடம் பேசினேன். சண்டை போடவில்லை, பக்குவமாகத்தான் சொன்னேன். அவர்களும் கோபப்படவில்லை. “நான் ஏழு பெத்தேன் ஆத்தா. எங்க மாமியா எனக்குச் சொன்னதத்தான் இவளுக்குச் சொல்றேன். எம்மகன் பொண்டாட்டிக்கு நானா கெடுதல் நெனப்பேன்?” என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு யாரைத் திட்டுவதென்றே தெரியவில்லை.

மாட்டுக்கொட்டத்துக்குப் பின்னால் உட்காரவைத்து ஒரு முட்டையைச் சாப்பிட வைத்தேன். இரண்டாவதை முந்தானையில் முடிந்துகொண்டாள். ராஜாத்திக்காம். உன்னைப் பற்றித்தான் ஓயாமல் கேட்டாள். மெட்ராஸ் விளையாட்டு விடுதியில் தினமும் முட்டையும் பாலும் கொடுக்கிறார்கள் என்று நீ எழுதியதைச் சொன்னேன். “குடுத்து வச்ச கழுத. அவ நல்லாத் தின்னு நல்லா ஓடட்டும்டி” என்று சிரித்தாள். இதை அப்போதே உனக்கு எழுதியிருக்கலாம். பிரசவம் முடிந்து நல்ல சேதியோடு சேர்த்து எழுதலாம் என்று இருந்துவிட்டேன்.

புரட்டாசி பிறந்து சில நாளில் வலி வந்தது. பிள்ளை வீட்டிலேயே பிறந்தது, ஆண் பிள்ளை. ஆனால் ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஏலத்தோட்டத்து ஜீப்பைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். ஆள் வந்து சொன்னதும் நானும் ராக்கம்மா அத்தையும் ஓடினோம். டாக்டரம்மா எங்களைத் தனியே கூப்பிட்டு, இவ்வளவு ரத்தம் போனால் யாரும் பயப்பட வேண்டியதுதான், இந்தப் பெண்ணுக்கு உடம்பில் முதலிலேயே ரத்தம் இல்லை என்றார்கள். ரத்தம் கொடுக்க ஆள் கேட்டார்கள். கருத்தக்கண்ணன் அண்ணன் சட்டையைக் கழற்றிக்கொண்டு முன்னால் நின்றார். அவருடையது சேரவில்லை. கூட வந்த ஆம்பிளைகள் பீடி குடிக்கப் போகிறோம் என்று வெளியே போனார்கள், திரும்பவில்லை. என்னுடையது சேர்ந்தது. ஒரு புட்டி எடுத்து அவளுக்கு ஏற்றினார்கள்.

சாயங்காலம் கண் விழித்தாள், ஜெபா. நன்றாகப் பேசினாள். ரத்தம் யாருடையது என்று ராக்கம்மா அத்தை சொல்லியிருக்கிறார்கள். என்னைப் பார்த்து, “ஏன்டி, உன் ரத்தத்தயா ஏத்துனாக? போச்சு போ, இனிமே நானும் கடைசியாத்தான் வருவேன்” என்றாள். நான் அழுதுகொண்டே சிரித்தேன். அவளும் சிரித்தாள். கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்துவிட்டு, “பசிக்குதுடி மேரி. உங்கம்மா வைக்கிற கம்மங்கஞ்சி வேணும்” என்றாள். அத்தனை மாதத்தில் அவள் பசிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அதுதான். நர்ஸம்மா கொஞ்சம் தண்ணீராகக் கொடுக்கலாம் என்றாள்.

வீட்டுக்கு ஓடினேன். நடக்கவில்லை, கடைவீதி வழியே ஓடினேன், சேலையோடு. அம்மா அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சினார்கள். தூக்குச்சட்டியில் ஊற்றிக்கொண்டு திரும்ப ஓடினேன். வராந்தாவில் நுழையும்போதே ராக்கம்மா அத்தையின் சத்தம் கேட்டுவிட்டது. மறுபடியும் ரத்தம் போயிருக்கிறது. தாங்கவில்லை.

கஞ்சி சூடாகவே இருந்தது. ராஜாத்தி பசியில் அழுதுகொண்டிருந்தாள். அத்தை அதை என் கையிலிருந்து வாங்கி, தானும் அழுதுகொண்டே, அந்தப் பிள்ளைக்கு ஊட்டினார்கள். நான் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு கருத்தக்கண்ணன் அண்ணன் ராஜாத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே வந்தார். “அவ ஓடுன எடம் எங்கனன்னு காட்டு தங்கச்சி. ஊரே சொல்லுது, எம் பொண்டாட்டி ஓடுறத நான் ஒரு நாக்கூடப் பாத்ததில்ல” என்றார். கூட்டிக்கொண்டு போனேன். மதகிலிருந்து தென்னந்தோப்பு முடியும் வரை என்று காட்டினேன். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பிள்ளையோடு அந்த முனை வரை நடந்தார். திரும்பி வந்து, “இம்புட்டுத் தூரமா ஓடுவா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே. பசிக்குதுன்னும் சொல்லலையே” என்று கேட்டு, கரையிலேயே குந்தி உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அந்த மாதிரி ஒரு ஆண்பிள்ளை அழுது நான் பார்த்ததில்லை.

சின்னவன் பிழைத்துக்கொண்டான். ஒரு கைக்குள் அடங்குவான், அவ்வளவுதான் இருக்கிறான். எங்கள் இன்னாசியம்மாள் அண்ணிக்குக் கைக்குழந்தை இருக்கிறது அல்லவா, அவர்கள்தான் தன் பிள்ளைக்குப் பாதி, இவனுக்குப் பாதி என்று பால் கொடுக்கிறார்கள். அண்ணி சாப்பிடும்போது அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து முருங்கைக்கீரையும் கருவாடும் வைத்து, போதும் என்றாலும் விடுவதில்லை. பூமாரியின் மாமியார் வாரம் தவறாமல் பேரனைப் பார்க்க வருகிறார்கள். போன முறை ஒரு கோழியைக் கொண்டுவந்து, “பால் குடுக்கிற பிள்ளைக்குக் கொழம்பு வச்சுக் குடுங்க” என்று அம்மாவிடம் கொடுத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

இதுதான் நடந்தது, ஜெபா. மறைத்தது ஒன்றும் இல்லை.

நீ சொல்லாமல் விட்டதும் எனக்குப் புரிகிறது. அவள் பட்டினி கிடந்தபோது நான் முட்டையும் பாலும் தின்றுகொண்டிருந்தேனே என்றுதான் உனக்குச் சோறு இறங்கவில்லை. அப்படி நினைக்காதே. நீ தட்டைத் தள்ளிவைத்தால் அந்தச் சோறு அவளுக்குப் போய்ச் சேராது. பெயரை எடுக்க வேண்டும் என்றால் எடுத்துக்கொள், நான் வற்புறுத்த மாட்டேன். கால் ஓடாவிட்டால் என்ன செய்வது? லீவு கிடைத்தால் வந்துவிடு. சின்னவனுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. நீயும் இருந்தால் நன்றாக இருக்கும் என்று ராக்கம்மா அத்தை சொல்கிறார்கள்.

ஆனால் சாப்பிடு. ஆஸ்பத்திரியில் இருந்து தந்தி ஆபீசுக்குப் போன அந்த வழியில் நான் இன்னொரு தடவை நடக்க மாட்டேன், ஜெபா. என்னால் முடியாது.

என் விலாசம் எழுதிய கார்டு ஒன்று இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். பெரிதாக ஒன்றும் எழுத வேண்டாம். ‘சாப்பிட்டேன்’ என்று ஒரு வார்த்தை எழுதித் தபாலில் போடு. தபால்காரர் வரும் நேரத்துக்கு நான் வாசலில் நிற்பேன்.

தேவமாதா உன்னைக் கைவிடாமல் காப்பாற்றட்டும்.

உன்,
லூர்து மேரி