கதவுக்கு அடியில தெரிஞ்ச ஷூ

இல்ல கண்ணு, அன்னைக்கு நான் உன்கிட்ட சொன்னது பொய். ஞாயித்துக்கிழமை பகல் பூரா ஏன் போனை எடுக்கலைன்னு நீ கேட்டப்ப, முட்டி வலி, மாத்திரை போட்டுப் படுத்துட்டேன்னு சொன்னேனே, நான் படுக்கவே இல்ல. நானும் சித்தப்பாவும் காலைல ப்ளேன் ஏறிப் போய் அந்தப் பழைய ராஜாக்களோட கல்லறையெல்லாம் சுத்திப் பாத்துட்டு சாயங்காலம் அதே ப்ளேன்ல திரும்பி வந்தோம். கல்லறையைப் பாக்கவா போனேன், அதைச் சுத்திக் காட்டுறவனைப் பாக்கப் போனேன். நீ கட்டிக்கப் போறேன்னு சொல்றியே, அவனைத்தான். கோவப்படாதே, முழுசாப் படிச்சுட்டு அப்புறம் கோவப்படு. போன்ல சொன்னா நீ நடுவுல பேசுவ, நான் அழுவேன், சொல்ல வந்தது பாதிலயே நின்னு போகும், அதான் பேப்பர்ல எழுதி மாடி வீட்டுப் பொண்ணு கையில குடுத்து அனுப்புறேன், அது இந்த வாரம் லீவு முடிஞ்சு உன் ஊருக்குத்தான் திரும்புது. இங்க சாமி புண்ணியத்துல எங்க ரெண்டு பேருக்கும் உடம்புக்கு ஒண்ணுமில்ல, நீயும் அங்க வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நிம்மதியாத் தூங்கி, நல்லா இருக்கணும்னு காலைலயும் சாயங்காலமும் வேண்டிக்கிறேன். சமையக்கட்டுக் குழாய் இன்னும் ஒழுகுது, சித்தப்பா இன்னைக்குச் சரி பண்றேன் நாளைக்குச் சரி பண்றேன்னு ஒரு மாசமா அதுக்கு அடியில வாளி மாத்தி மாத்தி வச்சுக்கிட்டு இருக்காரு.

ஏன் இப்படித் திருட்டுத்தனமாப் போனேன்னு கேப்ப. மாப்பிள்ளைன்னு வீட்டுக்கு வந்து உக்காந்தா எல்லாரும்தான் ஒழுங்கா உக்காருவாங்க. வேலை செய்யுற இடத்துல, முன்னபின்ன தெரியாத ஆளுங்ககிட்ட ஒருத்தன் எப்படி நடந்துக்கிறான்னு பாத்தாத்தான் அவன் யாருன்னு தெரியும்னு எனக்கு ஒரு எண்ணம். உங்கம்மா உன்னை என் மடியில போட்டுட்டுக் கண்ணை மூடுனவ, நாளைக்கு நான் மேல போனா அவளுக்குப் பதில் சொல்லணும்ல. ஞாயித்துக்கிழமை அவருக்கு ஓய்வே கிடையாது சித்தின்னு நீதான் பேச்சோட பேச்சாச் சொன்னே, அதை வச்சு அந்த நாளுக்கே டிக்கெட் எடுத்தேன். சித்தப்பாகிட்ட நம்ம கல்யாண நாளுக்கு எங்கயாவது கூட்டிட்டுப் போங்கன்னுதான் சொன்னேன், விஷயத்தைச் சொல்லலை, அவர் வாயில எதுவும் நிக்காதுன்னு உனக்குத் தெரியாதா. கிளம்புறப்ப வழக்கம்போலப் பூட்டை இழுத்து இழுத்துப் பாத்தேன், தெருமுனை வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்தேன், பூட்டு கையோட வந்துரப் போகுதுடின்னு சித்தப்பா கத்துனாரு. பூட்டுச் சித்தின்னு நீ சின்னப் புள்ளைல சும்மாவா பேரு வச்சே, உன்னைத் தவிர ஒருத்தரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்ல.

ப்ளேன் ரொம்பச் சின்னது கண்ணு, குனிஞ்சுதான் உள்ள போகணும். ஏறுறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தர்கிட்டயும் எடை எவ்வளவுன்னு கேக்குறாங்க, பாரம் ரெண்டு பக்கமும் சமமா இருக்கணுமாம். அத்தனை ஆம்பளைங்க முன்னாடி எப்படிச் சொல்றது, நல்லாவே கொறச்சுச் சொல்லிட்டேன், சித்தப்பா என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. மேல போனதும் ப்ளேன் நான் உக்காந்திருந்த பக்கமா லேசாச் சாஞ்சுது பாரு, ஐயோ என் பொய்யாலதான் சாயுது, என் ஒருத்தியால இத்தனை உசுரும் போகப் போகுதுன்னு சாமி பேரை விடாமச் சொல்லிக்கிட்டு எதிர்ப்பக்கமாவே சாஞ்சு உக்காந்தேன், இறங்குறப்ப கழுத்து பிடிச்சுக்கிச்சு. சித்தப்பா என்னடான்னா கண்ணாடி வழியா மலை தெரியுது ஆறு தெரியுதுன்னு பச்சப்புள்ளையாட்டம் குதிக்கிறாரு. எனக்கு ஒண்ணும் பாக்கத் தோணலை, ஏனோ காலைல இருந்தே மனசு சரியில்ல.

இறங்குன இடத்துல மஞ்சள் தொப்பியோட நின்னுக்கிட்டு இருந்தான். நீ அனுப்புன போட்டோல இருக்குற அதே சிரிப்பு. எங்களுக்கும் ஆளுக்கொரு மஞ்சள் தொப்பி குடுத்தான், கூட்டத்துல காணாமப் போகக் கூடாதாம். குறை சொல்லணும்னு நான் போகலை கண்ணு, சத்தியமா, பிடிச்சுடணும்னு வேண்டிக்கிட்டுத்தான் போனேன். மொதல்ல பிடிக்கவும் செஞ்சுது. குரல் அப்படி, பழகுற விதம் அப்படி, வயசானவங்களைக் கையைப் பிடிச்சு பஸ்ஸுல ஏத்துறான், சித்தப்பா சொன்ன பழைய ஜோக்குக்கெல்லாம் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறான். ஒண்ணுதான் எனக்கு உறுத்துச்சு. அவன் முன்னாடி பாத்து நடக்கவே இல்ல. நாங்க முன்னாடி பாத்து நடக்க, அவன் எங்களைப் பாத்தபடியே பின்பக்கமா நடக்குறான். படி, பள்ளம், திருப்பம் எதுக்கும் திரும்பலை, எல்லாம் காலுக்கே தெரியுது. சுத்திக் காட்டுறவங்க அப்படித்தான் நடப்பாங்கன்னு சித்தப்பா சொன்னாரு, இருக்கலாம். ஆனா அவன் கை கல்லைக் காட்டுது, சிலையைக் காட்டுது, கண்ணு மட்டும் எங்க மூஞ்சியை விட்டு நகரலை. யாரு எதுக்குப் பயப்படுறாங்கன்னு தேடுற மாதிரி இருந்துச்சு.

கடைசியா மலையைக் குடைஞ்சு வச்சிருக்குற அறைக்குக் கூட்டிட்டுப் போனான். ராஜா செத்தப்ப ராணியை உசுரோட உள்ள வச்சு மூடுன எடமாம், அவன் அப்படித்தான் சொன்னான். வாசல்ல டிக்கெட் பாக்குற ஒரு அம்மா நிழல்ல ஸ்டூல் போட்டு உக்காந்திருந்துச்சு, எங்க கூட்டத்தைக் கண்டதும் ஸ்டூலைத் தூக்கிக்கிட்டு ரொம்பத் தள்ளிப் போய் அந்தக் கொதிக்கிற வெயில்ல உக்காந்துச்சு. நல்ல நிழலை விட்டுட்டு ஏன் போகுதுன்னு அப்ப எனக்குப் புரியலை. சுவர் ஓவியத்துக்கு வெளிச்சம் ஆகாதுன்னு சொல்லி எல்லார் போனையும் ஒரு பையில வாங்கிக்கிட்டான். எங்ககூடப் புதுசாக் கல்யாணமான ஒரு பொண்ணு வந்திருந்துச்சு, உன் வயசுதான் இருக்கும், எனக்கு அடைச்ச எடம்னா ஆகாது, நான் வெளியவே நிக்கிறேன்னு கெஞ்சுச்சு. அவன் பக்கத்துல போய் ரொம்ப மெதுவா, நான் கூடவே இருக்கேன்ல, என்னை நம்ப மாட்டீங்களான்னு கேட்டான். அது புருஷனும் போ போன்னு தள்ளுனான். உள்ள போனோம். அவன் கடைசியா வர்ற மாதிரி வந்து, வாசல்லயே நின்னு, அந்தக் கனத்த மரக்கதவைச் சாத்துனான், அவன் வெளிய. விளக்கும் அணைஞ்சுது.

அப்படி ஒரு இருட்டை நான் பாத்ததில்ல கண்ணு, கண்ணைத் திறந்தாலும் மூடுனாலும் ஒண்ணுதான். மொதல்ல எல்லாரும் சிரிச்சாங்க, விளையாட்டுன்னு. அப்புறம் சிரிப்பு நின்னுச்சு. அந்தப் பொண்ணுக்கு மூச்சு இழுக்குற சத்தம் கேட்டுச்சு, தடவித் தடவி வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு நகத்தை அழுத்திருச்சு, அந்தத் தடம் இன்னும் கையில இருக்கு. அது கதவைத் தட்டுச்சு, நானும் தட்டுனேன், தம்பி திறப்பா, இந்தப் பொண்ணுக்கு என்னமோ ஆகுது, பெரியவ சொல்றேன் திறப்பான்னு கத்துனேன். திறக்கலை. எங்கயோ போய்ட்டான் போலன்னு நெனச்சுக் குனிஞ்சேன், கதவுக்கு அடியில நூல் மாதிரி வெளிச்சம். அந்த வெளிச்சத்துல அவன் ஷூ ரெண்டும் தெரிஞ்சுது. போகலை. கதவை ஒட்டி நிக்கிறான். நாங்க தட்டத் தட்ட, அது அழ அழ, அந்த ஷூ அசையவே இல்ல. காதைக் கதவுல வச்சுக் கேட்டுக்கிட்டு இருக்கான்னு எனக்கு அப்பத் தோணுச்சு. அந்தப் பொண்ணு தட்டுறதை நிறுத்திட்டுத் தரையில உக்காந்து சத்தமில்லாம ஆனதுக்கு அப்புறம்தான் திறந்தான். கை தட்டிக்கிட்டே, ராணிக்கு எப்படி இருந்திருக்கும்னு இப்பத் தெரிஞ்சுதான்னு கேட்டான். எல்லாரும் சிரிச்சாங்க, சித்தப்பாவும்தான். ராணியாவது செத்துத் தப்பிச்சா, நான்தான் வருஷக்கணக்கா இவகூட உள்ள இருக்கேன்னு என்னைக் காட்டி ஜோக்கு வேற.

எனக்கு இதுகூடப் பெருசு இல்ல கண்ணு, அப்புறம் நடந்ததுதான். அவனே அந்தப் பொண்ணுக்குத் தண்ணி கொண்டாந்து குடுத்தான், நெத்தி வேர்வையைத் துடைச்சுக்கச் சொல்லித் துணி குடுத்தான், இனிமே உங்களுக்குப் பயமே வராது பாருங்கன்னான். மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்கிறப்ப அந்தப் பொண்ணு என்கிட்ட, எவ்வளவு நல்லவர்ல ஆன்ட்டி, நான்தான் லூசு மாதிரி பண்ணிட்டேன்னு சொல்லுது. அடைச்சு வச்சவனுக்கு அழுதவளே நன்றி சொல்றா. நான் பொட்டலத்தைத் திரும்ப மடிச்சு வச்சுட்டேன். அப்ப அவன் என் பக்கத்துல வந்து உக்காந்து, பயந்துட்டீங்களாம்மா, உங்க வீட்டுல வேற யாருக்காவது இருட்டுன்னா பயமுண்டான்னு கேட்டான். யாருக்கும் இல்லப்பான்னு பட்டுனு சொல்லிட்டேன். அவன் சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சுப் போனான்.

ராத்திரி வீட்டுக்கு வந்ததும்தான் சித்தப்பாகிட்ட உண்மையைச் சொன்னேன். அவர் குதிக்கிறாரு, அந்தப் பையனா, தங்கமான பையன், ஒரு விளையாட்டுக்குப் போய் ஜாதகம் எழுதுறியேன்னு. இருக்கலாம், நான் படிக்காதவ, பூட்டை நூறு தடவை இழுக்குறவ. ஆனா நீ சொன்னது ஒண்ணொண்ணா ஞாபகம் வருது. சின்னப் புள்ளைலருந்து விளக்கு எரிஞ்சாத்தான் உனக்குத் தூக்கம், கரண்டு போனா என் புடவைக்குள்ள வந்து புகுந்துக்குவ. போன மாசம் போன்ல சிரிச்சுக்கிட்டே சொன்னே, சித்தி, அவர் என்னை மாத்திட்டாரு, ராத்திரி பேசுறப்ப விளக்கை அணைக்கச் சொல்லுவாரு, நான் அழுதாலும் போடக் கூடாது, அழுது முடிக்கிற வரைக்கும் அவர் ஒண்ணும் பேச மாட்டாரு, சும்மா கேட்டுக்கிட்டே இருப்பாரு, இப்பப் பழகிருச்சுன்னு. அன்னைக்கு எனக்கும் அது நல்ல விஷயமாத்தான் பட்டுச்சு, சாமிக்கு நன்றி சொல்லி விளக்கேத்துனேன் பாரு. இப்ப அதை நெனச்சா அந்த ஷூதான் கண்ணுல நிக்குது. உன் அறைத் தோழிகூடப் பேசறதையும் நிறுத்திட்டேன்னு சொன்னே. அவருக்குப் பிடிக்கலைன்னே. கல்யாணம் பண்ணி வேலையை விட்டுட்டு அந்த ஊர்ல போய் அவன்கூட இருந்தா, நீ தட்டுறது யாரு காதுல விழும் சொல்லு.

வேண்டாம்னு நான் ஆர்டர் போடலை கண்ணு, நீ வளர்ந்த பொண்ணு. வேலையை விடுறேன்னு ஆபீஸ்ல இன்னும் எழுதிக் குடுக்கலைன்னா குடுக்காதே, குடுத்திருந்தா போய்த் திரும்ப வாங்கு. மொதல்ல இங்க வா, என் பக்கத்துல வந்து ஒரு வாரம் படு, அப்புறம் பேசுவோம். அந்தத் தோழிகிட்டப் போய்ப் பேசு, நீயே மொதல்ல பேசுனா கௌரவம் ஒண்ணும் கொறஞ்சு போகாது. நான் போய்ட்டு வந்தது அவனுக்குத் தெரிய வேண்டாம், அவனுக்கு நான் யாருன்னு தெரியாது, கூட்டத்துல வந்த ஒரு கிழவி, அவ்வளவுதான். அது அப்படியே இருக்கட்டும். சாமி உன்கூடவே இருக்கட்டும், எந்தக் கெட்டதும் உன் வாசப்படி மிதிக்காம இருக்கட்டும், உங்கம்மா மேல இருந்து பாத்துக்கட்டும். மாடி வீட்டுப் பொண்ணு கையில ரெண்டு கம்பளிச் சட்டையும் குடுத்திருக்கேன், அளவு சரியா இருக்கான்னு சொல்லு. மறக்காதே, இன்னைக்கு ராத்திரி விளக்கைப் போட்டுட்டுத் தூங்கு, யார் என்ன சொன்னாலும்.

எப்பவும் உன் நெனப்பாவே இருக்குற,
உன் பூட்டுச் சித்தி

கண்ணு, இந்தப் பேரை எழுதுறப்பதான் ஞாபகம் வருது. திரும்புறப்ப ப்ளேன் ஏணிகிட்ட அவன்தான் என் பையை வாங்கி மேல குடுத்தான். குடுத்துட்டு, பாத்து ஏறுங்க பூட்டுச் சித்தின்னு சொன்னான். கேட்டுப் பழகுன பேராச்சே, நானும் சரிப்பான்னு சொல்லிட்டு ஏறிட்டேன்.